ஒரு கணினி, ஒரு நாற்காலி, ஐந்து பிள்ளைகள்

#1 வெண்மணல் (நார்தர்ன் டெரிட்டரி, ஆஸ்திரேலியா)

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான் நான். எழுதுவது இது இரண்டாவது தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடமாக ஒரு முன்பள்ளியில் வேலை செய்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன இடம், சொன்னால் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பில் பதினெட்டுப் பேர், நாலு வயதும் நாலரை வயதும். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் பூர்வகுடிப் பிள்ளைகள். வீட்டில் கிரியோல் (ஆங்கிலம் கலந்து உருவான உள்ளூர் மொழி) பேசுகிறவர்கள் அதிகம், சிலருக்குப் பாட்டியின் மொழியும் வரும். ஆங்கிலம் பலருக்கு மூன்றாவது மொழி.

அறை மூலையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. ஒரு மவுஸ், ஒரு ஹெட்போன், ஒரு சின்ன நாற்காலி. சுவரில் பெயர்ப் பட்டியல், மேசையில் ஐந்து நிமிட மணல் கடிகாரம். மணல் கீழே இறங்கியதும் எழுந்து அடுத்த பிள்ளைக்கு இடம் விட வேண்டும் என்பது விதி.

இந்த விதி எங்கள் அறையில் ஒருநாளும் நடந்ததில்லை. ஒரு பிள்ளை போய் உட்காரும். அதன் சித்தி மகள் வந்து அதே நாற்காலியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள், ஒருவன் மேசைக்கு அடியில் புகுந்து முன்பக்கமாக எட்டிப் பார்ப்பான். மணல் இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன மாதம் எங்களைப் பார்வையிட ஒருவர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அவருடைய குறிப்பில் இரண்டு வரி இருந்தது. 'கணினிப் பகுதியில் முறை மாற்றி விளையாடும் பழக்கம் வளரவில்லை' என்பது ஒன்று. ஒரு பையனைப் பற்றி, 'பங்கெடுக்காமல் வேடிக்கை பார்க்கிறான்' என்பது இன்னொன்று. மணல் கடிகாரத்தைக் கண்டிப்பாகப் பயன்படுத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பையன் காலையில் பாயில் வட்டமாக உட்காரும்போது வாயே திறக்காதவன். கணினிக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் அவன் குரல் கேட்கும். அதனால்தான் அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. இது குறையா, வேறு எதுவுமா? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

#2 தாமரைக்குளம் (சிட்னி)

வெண்மணல், உங்கள் பையன் வேடிக்கை பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். என்னிடம் வரும் மாணவர்களோடு ஒவ்வொரு வருடமும் இதே சண்டைதான்.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பூர்வகுடி ஒதுக்கிடம் இருக்கிறது. சூசன் ஃபிலிப்ஸ் என்ற மானிடவியலாளர் அங்கே வகுப்பறைகளைப் பார்த்து எழுதிய நூல் 1983-இல் வந்தது. ஆசிரியை முன்னால் நின்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அதே பிள்ளைகளைச் சின்னக் குழுவாக விட்டுவிட்டால் பேச்சும் வேலையும் மளமளவென்று நடக்கிறது. பிள்ளைகள் மாறவில்லை, யார் யாரைப் பார்த்து எப்படிப் பேச வேண்டும் என்ற ஏற்பாடுதான் மாறியது. வீட்டில் அவர்கள் பழகியது ஒருவிதம், பள்ளி கேட்டது வேறு விதம்.

இரண்டாவது ஆய்வு இன்னும் நெருக்கமானது. மாரிசெலா கொரேயா-சாவேஸும் பார்பரா ரோகாஃபும் 2009-இல் வெளியிட்டார்கள். குவாத்தமாலாவில் மாயா இனப் பிள்ளைகள். இரண்டு உடன்பிறப்புகள் உட்கார்ந்திருக்க, ஒருவருக்கு மட்டும் ஒரு பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். மற்றவரிடம் 'உனக்கு வேறொன்று பிறகு' என்று சொல்லிக் காத்திருக்க வைக்கிறார்கள். தாய்மார் பள்ளிக்கூடம் அதிகம் போகாத, பழைய வாழ்க்கை முறையில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் காத்திருக்கும் நேரத்தில் உடன்பிறப்புக்கு நடந்த பாடத்தைக் கண்கொட்டாமல் கவனித்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே பொம்மையைச் செய்யச் சொன்னபோது குறைந்த உதவியோடு செய்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை!

கவனித்துப் பார்த்து, சமயம் வந்தால் கை கொடுப்பது என்று ரோகாஃப் இதைச் சொல்வார். நம் வீடுகளிலும் கோலம் போடக் கற்றது இப்படித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், ஒருநாள் மாவை வாங்கி ஒரு இழை இழுத்தோம். ஆனால் நம் ஊரையும் அவர்கள் ஊரையும் ஒன்றாக்க நான் தயாரில்லை. உங்கள் அறையில் கூட வேலை செய்யும் பூர்வகுடி ஆசிரியை இருப்பாரே, அவர் என்ன சொல்கிறார்?

#3 கணக்குப்பிள்ளை (மெல்பர்ன்)

நான் துறைக்காரன் இல்லை. இரண்டு பிள்ளைகளின் அப்பா, மென்பொருள் வேலை. மாற்றுக்கருத்து சொல்ல அனுமதி வேண்டும்.

முதலாவது, நாலு வயதுப் பிள்ளைக்குக் கணினி எதற்கு? இரண்டிலிருந்து நாலு வயது வரை திரைக்கு முன்னால் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. வெளியில் மரம், மண், தண்ணீர் எல்லாம் இருக்கும் ஊரில் மூலையில் ஒரு பெட்டி தேவையா?

இரண்டாவது இன்னும் முக்கியம். கூட்டமாக விளையாடுகிறார்கள் என்கிறீர்கள், சரி. மவுஸ் யார் கையில்? என் மகள் வகுப்பில் நான் பார்த்தது, பலசாலிப் பையன் ஒருவன் பிடித்தால் விடமாட்டான். மற்றவர்கள் அவனுக்கு ரசிகர் மன்றம். மணல் கடிகாரம் பலவீனமான பிள்ளைக்காகத்தான் வந்தது. அதை எடுத்துவிட்டுக் 'கலாசாரம்' என்று பெயர் வைத்தால் நட்டப்படுவது அந்தக் கடைசிப் பிள்ளைதான்.

மூன்றாவது, நாளைக்கு இவர்கள் பள்ளிக்குப் போவார்கள். மூன்றாம் வகுப்பில் தேசிய அளவிலான நாப்லான் தேர்வு. 2022-இலிருந்து எழுத்துப் பகுதி தவிர மற்றவை கணினியில்தான். அங்கே ஆளுக்கு ஒரு திரை. பக்கத்தில் சித்தி மகள் இருக்க மாட்டாள்.

கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

#4 வெண்மணல்

கோபம் ஒன்றும் இல்லை அண்ணா, நீங்கள் கேட்டது நானும் என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விதான். மவுஸ் யார் கையில் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் இந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். தினமும் பத்து நிமிடம் பெயிண்ட் மேசையில் தூரிகை கழுவுகிற சாக்கில் நின்று, கணினிப் பக்கம் நடந்ததை அப்படியே எழுதி வைத்தேன்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலடித் தடத்தைப் பார்த்து எந்த விலங்கு என்று பொருத்தும் விளையாட்டு. நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை, 'க' என்று வைத்துக்கொள்வோம். பாதி நாற்காலியில் அவளுடைய சித்தி மகள் 'ச'. பின்னால் மூன்று பேர், அதில் அந்த வாய் திறக்காத பையனும் ஒருவன்.

மவுஸ் 'க' கையில் இருந்தது. ஆனால் எதைச் சொடுக்குவது என்று அவள் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணம் நிற்பாள். பின்னால் யாராவது உதட்டைக் குவித்துத் திரையின் ஒரு பக்கம் காட்டுவார்கள். இங்கே விரலால் சுட்டுவதை விட உதட்டாலும் தாடையாலும் காட்டுவதுதான் அதிகம், பெரியவர்களும் அப்படித்தான். 'க' திரும்பியே பார்க்கவில்லை, ஆனால் அந்த உதடு அவளுக்குத் தெரிந்தது! திரையின் கண்ணாடியில் நிழல் தெரிகிறதோ என்று நானே போய்ப் பார்த்தேன், தெரிகிறது. ஐந்து முகமும் அதில் இருக்கின்றன. முகத்துக்கு முகம் பார்க்காமலே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நிமிடத்தில் மவுஸ் நாலு பேர் கைக்குப் போனது. யாரும் 'குடு' என்று கேட்டதை நான் கேட்கவில்லை. 'ச' ஒருதரம் தன் கையை 'க' கையின் மேல் வைத்தாள், அந்தக் கை நழுவிக்கொண்டது. பின்னால் நின்றவன் ஒருவன் மேசை ஓரத்தில் கையை வைத்தபடி சும்மா இருந்தான், கொஞ்ச நேரத்தில் மவுஸ் அவன் பக்கம் தள்ளப்பட்டது. அந்தப் பையன் மட்டும் தொடவில்லை.

அப்புறம் ஒரு தடம் வந்தது, மூன்று விரல் பறவைத் தடம். கீழே கோழி, வாத்து, குதிரை, பசு. பின்னால் இருந்து அந்தப் பையன் மெதுவாக 'எமு' (ஈமு, பறக்காத பெரிய பறவை) என்றான். உடனே எல்லோரும் எமு, எமு என்று தேட ஆரம்பித்தார்கள். எமு படமே இல்லை. 'க' எதையோ சொடுக்க, கணினி தப்பு என்று ஒரு சத்தம் போட்டது. ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தரம் வேண்டுமென்றே தப்பாகச் சொடுக்கி, அந்தச் சத்தத்துக்கு இன்னொரு தரம் சிரித்தார்கள்.

எங்கள் ஆன்ட்டி (கூட வேலை செய்யும் பூர்வகுடிப் பெண்மணி, எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான்) கடந்து போகும்போது திரையைப் பார்த்தார். 'பையன் சொன்னது சரிதான். கோழிக்குப் பின்னால் ஒரு விரல் இருக்கும், எமுவுக்குக் கிடையாது. இந்தப் படத்தில் பின்விரல் எங்கே?' என்றார். நான் போய் உற்றுப் பார்த்தேன். உண்மை. கோழி என்று போட்ட தடத்தில் பின்விரல் இல்லை. பையன் சரி, கணினிதான் தப்பு.

தாமரைக்குளம் அக்கா, நீங்கள் கேட்டதைக் கேட்டேன். 'அவன் காத்துக்கொண்டு நிற்கவில்லை, படித்துக்கொண்டு நிற்கிறான். தெரிந்ததும் அவனே வருவான்' என்றார். அவ்வளவுதான். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

#5 தாமரைக்குளம்

இதை ஒரு வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி தருவீர்களா? ஊர், பள்ளி எதுவும் வராமல்.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. நான் இப்படிப் பார்க்கிறேன். பூர்வகுடி ஆங்கிலத்தில் 'ஷேம்' என்று ஒரு சொல் உண்டு. தப்புச் செய்த வெட்கம் மட்டுமில்லை அது. கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து நிறுத்தும்போது வரும் கூச்சமும் அதுதான், பாராட்டுக்காக நிறுத்தினாலும் வரும். பெயர் சொல்லி எழுப்பி, எல்லோரும் பார்க்க ஒரு கேள்வி கேட்டால் நாலு வயதிலும் அது சுடும்.

எமு கதையைக் கவனியுங்கள். கணினி 'தப்பு' என்றது. ஆனால் அந்தத் தப்பு யாருடையது? ஒருவன் சொன்னான், ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருத்தி சொடுக்கினாள். ஐந்து பேருக்கும் சேர்ந்து விழுந்த தப்பு. அதனால் சிரிக்க முடிந்தது, திரும்பவும் செய்து பார்க்க முடிந்தது. மணல் கடிகாரத்தோடு, ஹெட்போனோடு, ஒற்றை நாற்காலியில் அந்தப் பையனை உட்கார வைத்திருந்தால் அதே சத்தம் அவன் ஒருவனுடைய காதில் விழுந்திருக்கும். அவன் நாளை அந்தப் பக்கம் போவானா என்று எனக்குச் சந்தேகம்.

மொழியியலாளர் டயானா ஈட்ஸ் பூர்வகுடி ஆங்கிலம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நேராகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதை விட, தனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மற்றவர் சொல்லும் வரை காத்திருப்பது அங்கே இயல்பு. மௌனம் நீளலாம், அது யோசனை, சங்கடம் இல்லை. கேள்விக்கு மேல் கேள்வி விழுந்தால், புரியாவிட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லித் தப்பிப்பதும் உண்டு. நீதிமன்றங்களில் இதனால் பெரிய அநியாயங்கள் நடந்திருக்கின்றன என்பதால் 1992-இலேயே வழக்கறிஞர்களுக்கென்று ஒரு கையேடு எழுதினார். இது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. நகரத்தில் வளர்ந்த பூர்வகுடிப் பிள்ளைகள் பலர் என் மகனைப் போலவே கேள்வியால் துளைப்பார்கள்.

#6 செவிச்செல்வம் (ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் காது கேட்கும் திறன் பரிசோதிக்கிறவன், பதினொரு வருடமாக இந்த வேலை. யாரும் காதைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

வெண்மணல், அந்தப் பையனின் காதைப் பார்த்தீர்களா?

இங்குள்ள தொலைதூரச் சமூகங்களில் நடுச்செவித் தொற்று கைக்குழந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. வலி தெரியாமலே சீழ் தேங்கி நிற்கும், சிலருக்குச் செவிப்பறை ஓட்டையாகிக் காது வழியும். ஒரு சமூகத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இப்படி நாட்பட்ட சீழ் இருந்தாலே அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய பெரும் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இங்கே பல இடங்களில் அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டோம். நெருக்கடியான வீடு, தண்ணீர் வசதிக் குறைவு, மருத்துவர் தூரம், எல்லாம் சேர்ந்த வினை. பிள்ளைகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இந்தக் கேட்கும் குறை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். திங்கட்கிழமை கேட்பான், வெள்ளிக்கிழமை கேட்க மாட்டான். பாயில் பதினெட்டுப் பேர் சத்தத்தில், ஃபேன் சத்தத்தில், மூன்றாவது மொழியில் பேசுகிற ஆசிரியை அவனுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலத்தான் கேட்பார். அவன் வாய் திறக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கணினியில் படம் இருக்கிறது, பக்கத்துப் பிள்ளையின் வாய் அரையடி தூரத்தில் இருக்கிறது. அங்கே அவனுக்குக் கேட்கிறது, பேசுகிறான்.

மத்திய ஆஸ்திரேலியாவில் வார்ல்பிரி போன்ற மக்களிடம் முழுமையான சைகை மொழியே உண்டு. துக்க காலத்தில் பேசாமல் இருக்கும் பெண்கள் பயன்படுத்துவது, வேட்டையிலும் உதவும். பிள்ளைகள் கையையும் கண்ணையும் வாசிப்பதில் வல்லவர்கள், காது மந்தமான பிள்ளை அதைக் கொண்டே நன்றாகச் சமாளித்துவிடும். அதனால்தான் நமக்குத் தெரியாமல் போகிறது. பண்பாடு என்று விட்டுவிட்டுக் காதைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள், காது என்று மட்டும் பார்த்துப் பண்பாட்டை மறந்துவிடவும் வேண்டாம்.

கடைசியாக, அந்த ஒற்றை ஹெட்போனைத் தூக்கிப் போடுங்கள். கேட்கும் பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் நடுவில் அது சுவர். ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். வகுப்பு முழுக்கக் குரலைச் சீராகப் பரப்பும் ஒலிபெருக்கி அமைப்பு டெரிட்டரியில் பல பள்ளிகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

#7 வெண்மணல்

பார்க்கவில்லை.

அவன் முகத்தைத்தான் பார்த்தேன், காதைப் பார்க்கத் தோன்றவில்லை. நாளைக்கே அவன் பாட்டியிடம் பேசுகிறேன். நன்றி, அண்ணா.

#8 ஊர்க்குருவி (விழுப்புரம்)

இழை அருமை. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் சோதனையை யாரும் சொல்லவில்லையே? 1999-இல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தார், குடிசைப் பிள்ளைகள் தாங்களாகவே கற்றார்கள். நம் தமிழ்ப் பக்கம் காளிக்குப்பம் என்ற ஊரிலும் செய்தார். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருந்த உயிர்த் தொழில்நுட்பப் பாடத்தைக் கூட்டமாக உட்கார்ந்து ஓரளவு பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியர் விலகி நின்றாலே போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

#9 தாமரைக்குளம்

குருவி, காளிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு வயது பத்துக்கு மேல். நாலு வயதுக்கு அதை நீட்ட முடியாது. அங்கேயும் பிள்ளைகள் தனியாக எட்டிய இடம் ஒன்று, பாடம் தெரியாத ஒரு அக்கா பின்னால் நின்று 'எப்படிச் செய்தாய், அப்புறம் என்ன?' என்று பாட்டியைப் போலக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு எட்டிய இடம் வேறு. மித்ராவே அதைத்தான் அழுத்திச் சொல்கிறார். வெண்மணல் அறையில் பின்விரலைச் சொன்னது யார்? ஆன்ட்டி. அவர் விலகிப் போயிருந்தால் பையன் தப்பு என்ற கணக்கிலேயே அது முடிந்திருக்கும்.

கணினிக்கு முன்னால் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் 1980-களிலேயே இருந்தது. 1985-இல் வந்த ஒரு ஆய்வில், துண்டுப் பட விளையாட்டில் இருந்ததை விடக் கணினியில் முன்பள்ளிப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பல மடங்கு அதிகமாகப் பேசினார்கள். பெட்டி பேச்சைக் கொல்வதில்லை. அதைச் சுற்றி நாம் போடும் நாற்காலி கொல்லலாம்.

#10 நீண்டமேகம் (ஆக்லாந்து)

நியூசிலாந்திலிருந்து ஒரு சின்னச் சேர்க்கை. இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியை மட்டும் பேசும் முன்பள்ளிகளுக்குக் கோஹங்க ரேயோ, அதாவது மொழிக்கூடு என்று பெயர். 1982-இல் வெலிங்டன் பக்கம் வைனுயியோமாட்டாவில் முதலாவது தொடங்கியது. மூப்பு வரிசை ஒன்று அங்கே உயிரோடு இருக்கிறது: துவாகன, தெய்ன. அண்ணனுக்குத் தம்பி, அக்காவுக்குத் தங்கை என்ற உறவு. ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் மூத்தவனா இளையவனா என்று தெரியாது. நமக்கும் மாவோரிக்கும் அதைச் சொல்லாமல் வாயைத் திறக்கவே முடியாது.

கணினிக்கு முன்னால் மூத்தது இளையதின் கையைப் பிடித்து ஓட்டும். ஆனால் வயது மட்டும் மூப்பு இல்லை, தெரிந்தவன் துவாகன. படம் வரையும் நிரலில் நாலு வயதுப் பெண் ஐந்து வயதுப் பையனுக்குத் துவாகன ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் பாட்டு நேரத்தில் அவன் அவளுக்கு. கணக்குப்பிள்ளை அண்ணா கேட்ட பலசாலிப் பிரச்சினைக்கு இது ஒரு பதில். மூத்தவனுக்கு உரிமை வருகிறபோது கடமையும் கூட வருகிறது, சின்னதை அழ விட்டால் பெரியவர்கள் அவனைத்தான் கேட்பார்கள்.

மாவோரி வேறு, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் வேறு. அவர்களுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மொழிகள் இருந்தன. இதை அங்கே அப்படியே கொண்டுபோய் வைக்கச் சொல்லவில்லை.

#11 கணக்குப்பிள்ளை

நான் பாதி இறங்கி வந்துவிட்டேன், மீதிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. தேர்வு? ஆளுக்கு ஒரு திரை?

மென்பொருள்காரனாக ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கான நிரல்களை எழுதும்போது நாங்கள் 'ஒரு பயனர், ஒரு கணக்கு, ஒரு மதிப்பெண்' என்றுதான் யோசிக்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பதில் சொல்வார்கள் என்று யாரும் கனவில்கூட நினைக்கவில்லை. உங்கள் எமு கதையைப் படித்த இரவு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். பின்விரல் இல்லாத கோழியை வரைந்தவனும் என்னைப் போல ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன்தான்.

#12 கடலாமை (ஆர்னெம் லேண்ட்)

எழுத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் நான். யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள் இருக்கும் பகுதியில் மூன்று வருடம் முன்பள்ளியில் இருந்தேன். யோல்ங்கு மொழிகளில் நம் 'ங்' ஒலி சொல்லுக்கு முதலிலேயே வரும். அதற்கு வால் வைத்த ஒரு தனி எழுத்து உண்டு, விசைப்பலகையில் அது இல்லை. தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடி ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு விசையாக விரல் வைத்துப் பார்த்ததும், அவளுடைய அக்கா முறைப் பிள்ளை வந்து ஒரு துண்டு டேப்பில் அந்த எழுத்தை எழுதி ஒட்டச் சொன்னதும் எனக்கு மறக்காது. நான் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் விசைப்பலகை முழுக்க டேப்.

டெரிட்டரியில் 1970-களில் தொடங்கிய இருமொழிக் கல்விக் காலத்தில் அச்சான ஆயிரக்கணக்கான சின்னப் புத்தகங்களைச் சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகம் கணினியேற்றி இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திரையில் போட்டால் பிள்ளைகள் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். 'இது எங்கள் தாத்தா வரைந்தது' என்று ஒன்று சொல்லும், மற்றவை அதன் தோளில் ஏறிப் பார்க்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், என் தப்பிலிருந்தே சொல்கிறேன். பிள்ளைகளின் குடும்பப் படங்களைக் கணினியில் ஓடவிட்டிருந்தேன். அதில் இருந்த ஒரு பெரியவர் தவறிவிட்டார். செய்தி எனக்கு எட்டவில்லை, திங்கட்கிழமை காலையும் படம் ஓடியது. இறந்தவர் உருவத்தையும் குரலையும் கொஞ்ச காலத்துக்கு மறைத்து வைப்பது பல சமூகங்களில் வழக்கம், பெயரையும் சொல்ல மாட்டார்கள். அந்தப் படம் வந்தபோது பிள்ளைகள் சத்தமே போடவில்லை. ஒரு பையன் எழுந்துபோய்த் திரையில் அந்த முகத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். நான் ஓடிப்போய் அணைத்தேன். அன்று மாலை அந்தக் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்தப் படம் ஏற்றினாலும் முதலில் குடும்பத்தைக் கேட்கிறேன், வாரத்துக்கு ஒருதரம் ஆன்ட்டிமார்களோடு உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.

நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி முன்னால் 'சமூகத் திறன்' இல்லை என்று யாராவது சொன்னால் அந்த உள்ளங்கைதான் எனக்கு ஞாபகம் வரும்.

#13 வெண்மணல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் காது. அவனுடைய பாட்டி கூட்டிப்போனார். இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, வலது பக்கம் அதிகம். மருந்து தொடங்கியாயிற்று, காது மருத்துவர் வரும் தேதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். செவிச்செல்வம் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நாற்காலியை எடுத்துவிட்டு, வெளியில் கிடந்த நீள பெஞ்சை உள்ளே கொண்டுவந்தோம். மூன்று பேர் உட்காரலாம், ஐந்து பேர் உட்காருகிறார்கள். ஹெட்போன் அலமாரிக்குப் போயிற்று, ஸ்பீக்கர் வைத்தோம். மணல் கடிகாரத்தை ஆன்ட்டி தண்ணீர் விளையாட்டுப் பக்கம் வைத்துவிட்டார், அங்கே அதற்கு நல்ல கிராக்கி.

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன கடைசிப் பிள்ளை எங்கள் அறையிலும் உண்டு, மறைக்க மாட்டேன். பூர்வகுடியில்லாத இரண்டு பேரில் ஒருத்தி அவள். அவளுக்கு யாரும் சித்தி மகள் இல்லை. பெஞ்சின் ஓரத்தில் நின்று, முறை எப்போது வரும் என்று என்னைப் பார்ப்பாள். வீட்டில் அவள் பழகியது கேட்டு வாங்குவது, இங்கே யாரும் கேட்பதில்லை. பத்து நாள் அவளுக்காகக் கவலைப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைக் குவித்துத் திரையைக் காட்டி அவளுக்குப் பழக்கினேன். இப்போது பெஞ்சின் நடுவுக்கு வந்திருக்கிறாள். தேர்வு பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது, அதற்குள் தனியாக உட்காரவும் கற்றுக்கொள்வார்கள். கூட்டமாக இருக்கும்போது கிடைத்த தைரியத்தோடு போய் உட்காரட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

2022-இல் திருத்திய தேசிய முன்பருவக் கல்விச் சட்டகத்தில் பூர்வகுடிப் பார்வைகளைத் தனிக் கொள்கையாகவே சேர்த்திருக்கிறார்கள். அதை மேற்கோள் காட்டி, பத்து நாள் குறிப்பையும் சேர்த்துப் பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'வேடிக்கை பார்க்கிறான்' என்ற வரியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார், வந்து பெஞ்சைப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

பையன் இன்னும் மவுஸைத் தொடவில்லை என்றுதான் வெள்ளிக்கிழமை வரை எழுத நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வெளியில் ஓடிய பிறகு அவன் மட்டும் உள்ளே இருந்தான். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து தடம் விளையாட்டைத் திறந்தான். எதைச் சொடுக்கித் திறப்பது என்று ஒருவரும் அவனுக்குக் காட்டியதில்லை. பதினொரு படத்தையும் ஒன்று விடாமல் பொருத்தினான். மூன்று விரல் தடம் வந்ததும் நிறுத்தி, திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தான். ஆன்ட்டி ஒன்றும் சொல்லாமல் புருவத்தை மட்டும் தூக்கினார். அவன் கோழியைச் சொடுக்கிவிட்டு, திரையைப் பார்த்து 'எமு' என்றான், சத்தமாக.

ஆட்டம் முடிந்து 'உன் பெயரைத் தட்டச்சு செய்' என்று பெட்டி வந்தபோது எழுந்து ஜன்னலிடம் போய் மற்றவர்களைக் கூப்பிட்டான்.

#14 கணக்குப்பிள்ளை

அந்தப் பெட்டியில் ஒரு பெயருக்கு மேல் போட முடியுமா? நிரலின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திறந்து பார்க்கிறேன்.